பழைய தொழிலையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு

படிப்பும் வேலையும்: கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு 34 வயது. பி.காம். முடித்துவிட்டு 12 வருடமாகப் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 15,000 ரூபாய். செக் திரும்பி வந்தாலும், ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்தாலும் வக்கீல் ஆபீசுக்கு ஃபைலைத் தூக்கிக்கொண்டு போவது நான்தான். போய்வந்து போய்வந்து, நாமே சட்டம் படித்தால் என்ன என்ற நினைப்பு வந்துவிட்டது. கணவர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். "உன் இஷ்டம்" என்கிறார். "மக ஆறாம் வகுப்புப் போறா, நீ காலேஜ் போறியா?" என்று மாமியார் கேட்கிறார். தம்பியோ, "பண்ணைப்புரத்து இளையராஜா எந்த வயசுல முதல் படம் பண்ணினார்?" என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: முதலில் தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இளையராஜா பிறந்தது 1943. 'அன்னக்கிளி' வந்தது 1976. 33-ஐத் தொடும் வயது என்பது சரிதான். ஆனால் அன்றைக்கு அவர் புதிதாகத் தொடங்கியவரில்லை. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர். 1968-இல் சென்னைக்குப் போனபின் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். ஆர்மோனியப் பெட்டியைப் பாவலர் வீட்டில் போட்டுவிட்டு வேறு ஏதோ படிக்கப் போகவில்லை. கையிலிருந்த தொழிலுக்கு மேலே படிப்பை ஏற்றினார். உங்கள் விஷயத்தில் நான் பார்ப்பதும் அதைத்தான்.

இனி உங்கள் கணக்கு. தேனியில் அரசு சட்டக் கல்லூரி 2019-இல் வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சட்டம் படிக்க மதுரைக்குத்தான் போக வேண்டும். பட்டம் முடித்தவர்களுக்கான மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்தான் தகுதி. 45 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 போதும். தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் நீங்கள் படித்திருந்தால் வாசல் திறந்தே இருக்கிறது.

சிரமம் வருகைப் பதிவேட்டில்தான். சட்டத்தைத் தபாலில் படிக்க முடியாது. மாலை வகுப்பும் கிடையாது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை என்பது பார் கவுன்சில் விதி. 'காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆகவே முதலாளியிடம் இப்போதே பேசுங்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேரேடு முடிப்பு போன்ற வேலைகளைச் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் செய்து தருகிறேன், பாதிச் சம்பளம் போதும் என்று கேட்டுப் பாருங்கள். 12 வருடம் கணக்கில் கை வைத்த ஆளை எந்த வியாபாரியும் சுலபத்தில் விடமாட்டார்.

அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் உங்களை வாட்டாது. போடியிலிருந்து தேனிக்கு டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. வாட்டப்போவது இழக்கும் சம்பளம்தான். அதை மூன்று வருடத்துக்கு அல்ல, ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். படிப்பு முடிந்ததும் பார் கவுன்சிலில் பதிய வேண்டும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் பதிவுக் கட்டணம் 750 ரூபாயைத் தாண்டக்கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. பிறகு அகில இந்திய பார் தேர்வு. வக்கீலாகப் பதிந்தவர் முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது என்பதால், கடைச் சம்பளம் அன்றோடு நின்றுவிடும். அதன்பின் ஒரு சீனியரிடம் குறைந்தது இரண்டு வருடம். கிராமப்புற ஜூனியருக்கு மாதம் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 2024-இல் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டளை இல்லை. அதை நம்பி வீட்டு வாடகையைத் திட்டமிடாதீர்கள். ஐந்து வருடமும் பட்டறை வருமானத்தில் அடுப்பு எரியுமா என்று கணவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். 'உன் இஷ்டம்' என்ற பதில் போதாது. 'இவ்வளவு என்னால் முடியும்' என்ற பதில் வேண்டும்.

அப்படியும் ஏன் படியுங்கள் என்கிறேன்? போடிக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்து இறங்குகிறது. இங்கிருந்து வட இந்தியா வரை போகிறது. பணம் பெரும்பாலும் கடனில் ஓடுகிறது. செக் திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் தவணை, அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 2015-இல் சட்டம் திருத்தப்பட்டபின், பணம் வரவேண்டியவரின் வங்கிக் கணக்கு எந்த ஊரில் இருக்கிறதோ அந்தப் பகுதி நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லிக்காரர் கொடுத்த செக் திரும்பினாலும் கேஸ் போடியைச் சுற்றித்தான். ஏல மையத்துப் பட்டியலையும் இ-வே பில்லையும் பார்த்த மாத்திரத்தில் எங்கே தப்பு என்று சொல்லக்கூடிய வக்கீலை இந்த வியாபாரிகள் தேடுவார்கள். உங்கள் வகுப்பில் இருக்கும் 21 வயதுப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொள்ளப் பத்து வருடம் ஆகும்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். அந்தத் திறமையைக் கோர்ட்டுக்கு மிச்சம் வையுங்கள். மகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கும் நீங்கள் பஸ்ஸில் இறங்கும் நேரத்துக்கும் நடுவில் யார் வீட்டில் இருப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். அவர் கேட்ட கேள்விக்குள் இருப்பது அந்தக் கவலைதான்.

கேள்வி: கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். வயது 36. பத்தாவது பாஸ். முதுகு இனி தாங்காது. அரசு வேலைக்குப் போக டிகிரி வாங்க நினைக்கிறேன். பிளஸ் டூ இல்லாமலேயே நேராக டிகிரி போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கட்டலாமா?
- ஒரு வாசகர், கம்பம்

பதில்: கட்டாதீர்கள். பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று தமிழ்நாடு அரசு 2009-லேயே ஆணை போட்டுவிட்டது. அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம். அரசு வேலைக்கு நீட்ட முடியாது.

நேர்வழி இதுதான். மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுங்கள். உத்தமபாளையம் அல்லது தேனியில் கல்வி அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். அதன்பின் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ ஜீப் ஓட்டிக்கொண்டே பட்டம் படிக்கலாம். எந்தப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் பாடத்துக்கு அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று பார்த்தபின் பணம் கட்டுங்கள்.

ஒரு விஷயம் உங்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே தகுதி. கிராம நிர்வாக அலுவலர் பணியும் அதில்தான் வருகிறது. வயது வரம்பு பதவிக்கும் வகுப்புக்கும் தக்கபடி மாறும் என்பதால் அறிவிக்கையை நீங்களே வாசித்துப் பாருங்கள். இடம் உங்களுக்கு இருந்தால் அதற்கு இன்றே படிக்கத் தொடங்குங்கள். விடியுமுன் ஆளை மலையேற்றிவிட்டு, சாயங்காலம் அவர்களை இறக்கக் காத்திருக்கும் நேரம் உங்களுக்கு நிறைய இருக்குமே. புத்தகத்தை டேஷ்போர்டில் வையுங்கள்.

கேள்வி: 33 வயது. பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டுச் சின்னமனூரில் ஓர் உரக்கடையில் ஒன்பது வருடமாக வேலை. திராட்சை, வாழைக்கு என்ன மருந்து என்று விவசாயிகள் முதலாளியைவிட என்னைத்தான் கேட்கிறார்கள். சொந்தக் கடை வைக்க ஆசை. அதற்கு பி.எஸ்சி. விவசாயம் வேண்டுமாமே? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலாவது இடம் கிடைக்குமா?
- ஒரு வாசகர், சின்னமனூர்

பதில்: கிடைக்காது. அந்த இளநிலைப் படிப்புகளுக்கு வயது வரம்பு உண்டு. பிளஸ் டூ முடித்த கையோடு வருகிறவர்களுக்கானவை அவை. வருத்தப்பட வேண்டாம், உங்களுக்கு அது தேவையும் இல்லை. பூச்சிமருந்து விற்க உரிமம் கேட்பவருக்கு விவசாயப் பட்டம்தான் வேண்டும் என்று விதி சொல்லவில்லை. வேதியியல் படித்த அறிவியல் பட்டதாரியும் போதும். உரத்துக்கும் வேதியியல் பட்டம் செல்லும். எந்த அறிவியல் பட்டமும் இல்லாத பழைய கடைக்காரர்களுக்காகத்தான் வாரம் ஒரு நாள் வகுப்பு வைத்து 'தேசி' என்ற ஓராண்டு டிப்ளமோ நடத்துகிறார்கள்.

மேலே கற்க ஆசை இருந்தால் காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது, பயிற்சிகளுக்குப் போய்வாருங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியை நோய் விழாமல் காக்கத் தெரிந்தவருக்கு இங்கே மதிப்பு குறையாது. மூன்று நான்கு வருடக் கல்லூரிச் செலவுக்கு என்று எடுத்துவைத்த பணத்தைக் கடை அட்வான்சுக்கு வையுங்கள். பீரோவிலிருக்கும் பட்டச் சான்றிதழை எடுத்து நகல் போடுங்கள். திங்கட்கிழமை வேளாண்மை அலுவலகத்தில் உரிம விண்ணப்பத்தைக் கேளுங்கள்.