குதிகாலில் ஒரு துளி இரத்தம்

கர்ப்பிணிப் பெண்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் சீனித் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பதை வாசகர்கள் அறிவீர்கள். எங்கள் சிம்பாங் அம்பாட் பெண்களுக்கும் அது பழகிப்போன ஒன்று. ஆனால், பிறந்த குழந்தையின் இரத்தத்திலும் சீனி குறையும் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. என் அக்காளுக்குக் கர்ப்ப காலத்தில் இனிப்பு நீர் இருந்தது. பிள்ளை பிறந்ததும் தாதி அவன் குதிகாலில் பலமுறை குத்தி இரத்தம் எடுத்தார். “நல்லாத்தானே தூங்குறான், பச்சப்புள்ளைய எதுக்குடி குத்துறாங்க?” என்று பாட்டி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான்.

தாய்க்குச் சீனி அதிகம். பிள்ளைக்கு ஏன் குறைய வேண்டும்? தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்லும், இன்சுலின் செல்லாது. ஆகவே, வந்து குவியும் சீனியைச் சமாளிக்கச் சிசுவின் கணையமே அதிக இன்சுலினைச் சுரக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரவு நின்றுவிடும். இன்சுலினோ உடனே அடங்காது. அதனால் முதல் சில மணி நேரத்தில் சீனி இறங்குகிறது. அப்போது மூளைக்கு மாற்று எரிபொருளாக உதவ வேண்டிய கீட்டோன் உற்பத்தியையும் அதே இன்சுலின் தடுத்துவிடுகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் உடலில் சேமிப்பே குறைவு.

நடுக்கம், சோர்வு, பால் குடிக்காமை, வலிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். பல குழந்தைகளிடம் எதுவுமே தெரியாது. அதனால்தான் தூங்குகிற பிள்ளையையும் குத்திப் பார்க்கிறார்கள்.

பல நாடுகளில் லிட்டருக்கு 2.6 மில்லிமோல் என்பதே எல்லைக்கோடு. நீண்ட நேரம் மிகக் குறைவாகவே இருந்தால் மூளையின் பின்பகுதி, குறிப்பாகப் பார்வை சார்ந்த பகுதி, பாதிக்கப்படலாம். லேசான குறைவு என்ன செய்யும்? நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் பிறந்த குழந்தைகளை ஜேன் ஹார்டிங் குழுவினர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். இரண்டு வயதில் வேறுபாடு தெரியவில்லை. நாலரை வயதில், திட்டமிட்டுச் செயல்படுவதிலும் கண்ணும் கையும் இணைந்து இயங்குவதிலும் சிலர் பின்தங்கினர் என 2017இல் எழுதினர். ஒன்பது, பத்து வயதில் கல்வித் தேர்ச்சியில் வேறுபாடு இல்லை என்றது 2022ஆம் ஆண்டுக் கட்டுரை. “அப்படியானால் பயமில்லை” என்று முடிவு கட்டுவது அவசரம் என்பேன். அக்குழந்தைகள் கண்காணிக்கப்பட்டு, சீனி குறைந்தபோது சிகிச்சையும் பெற்றவர்கள்.

நமக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு. தமிழ்நாட்டில் டாக்டர் வி. சேஷையாவின் முயற்சியால், 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை செய்ய அரசு ஆணையிட்டது. அவர் முறைப்படி வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு சோதனை. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி!

சீம்பாலை ஒதுக்கிவிட்டுச் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் ‘சேனை’ வழக்கம் இதற்கு மருந்தாகுமா? ஆகாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானதும்கூட. மருத்துவமனையில் கன்னத்தின் உட்புறம் தடவும் 40 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் பசை வேறு. எடைக்கு ஏற்ப அளந்து, உடனே பாலும் கொடுத்து, மீண்டும் இரத்தம் பார்ப்பார்கள். ஹாமில்டனில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், இப்பசையால் சீனிக் குறைவுக்காகத் தாயைப் பிரிய நேர்ந்த குழந்தைகள் குறைந்தனர். வீட்டார் செய்யக்கூடியது, முதல் மணி நேரத்திலேயே பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்துச் சீம்பால் குடிக்க விடுவது. தாதி மறுபடி குதிகாலைத் தேடி வரும்போது காலைப் பிடித்துக்கொடுப்பது.