ஹர்கிலாவும் மரத்தின் சொந்தக்காரரும்

அருகிவரும் பறவைகளைப் பாதுகாப்பது என்றதும் நாம் காட்டைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியுமே பேசத் தொடங்குகிறோம். பறவை கூடு கட்டியிருப்பது ஒருவருடைய வீட்டு வளவில் என்றால் என்ன செய்வது? இந்தியாவின் அசாம் மாநிலக் கிராமங்கள் சிலவற்றின் அனுபவத்தை இம்முறை படிப்புக்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஹர்கிலா நாரை இனத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 5 அடி உயரமானது. அசாமிய மொழியில் இப்பெயருக்கு ‘எலும்பு விழுங்கி’ என்று பொருள். மொட்டைத் தலையும், கழுத்தில் தொங்கும் தோற்பையுமாக இருக்கும் இதனை அழகான பறவை என்று நாமும் சொல்லமாட்டோம். 19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா வீதிகளில் கழிவுகளைத் தின்று துப்புரவு செய்தது இப்பறவையே. அந்நகரின் சின்னத்திலும் அது இடம்பெற்றிருந்தது. இன்று அது கூடு கட்டுவது அசாம், பீகார், கம்போடியா ஆகிய இடங்களில் மட்டுமே.

அசாமின் காமரூப் மாவட்டத்தில் உள்ள தாதரா கிராமத்தில் 2007இல் ஒருவர் தம் வளவில் நின்ற மரத்தைத் தறித்தார். கூடுகளிலிருந்த ஒன்பது குஞ்சுகள் நிலத்தில் விழுந்தன. அப்பறவையை ஆராய்ந்துகொண்டிருந்த பூர்ணிமா தேவி பர்மன் போய்க் கேட்டபோது அயலவர்கள் கூடி அவரைக் கேலி செய்தனர். அவ்வளவு அக்கறை இருந்தால் வந்து வளவைக் கூட்டித் துப்புரவாக்கும்படி சொன்னார்கள்.

குழுவாக இதனை வாசிப்பவர்கள் இவ்விடத்தில் சற்று நிறுத்துங்கள். மரத்தைத் தறித்தவர் பக்கம் நின்று யாராவது ஒருவர் பேசட்டும். அழுகிய மீனும் எலும்பும் எச்சமும் நாள்தோறும் முற்றத்தில் விழுகின்றன. பிள்ளைகள் விளையாட முடியாது. பறவை ஊருக்குப் பெருமையாக இருக்கலாம், நாற்றம் அந்த ஒரு குடும்பத்துக்குத்தான். இம்முறைப்பாடு நியாயமானதே என்பது எமது கருத்து. இதனை ஏற்றுக்கொள்ளாமல் தொடங்கும் எந்தச் செயற்றிட்டமும் மரத்தடியிலேயே முடிந்துவிடும்.

பர்மன் தமது கலாநிதிப் பட்ட ஆய்வைப் பிற்போட்டுவிட்டு ஊருக்குள் இறங்கினார். அவர் சொற்பொழிவுடன் தொடங்கவில்லை. பெண்களுக்கு அரிசிமாப் பலகாரப் போட்டி வைத்தார். கூடியிருந்த இடத்தில் பறவையைப் பற்றிய பேச்சும் எழுந்தது. பின்னர் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் செய்யும் சடங்கைப் போல, குஞ்சு பொரிக்கும் ஹர்கிலாவுக்கும் சடங்கு செய்தனர். அபசகுனம் என்று விரட்டப்பட்ட பறவை இப்படித்தான் வீட்டுப் பிள்ளையாயிற்று. மரச் சொந்தக்காரர்களை ஊரார் முன்னிலையில் பாராட்டினர். பெண்களுக்குத் தறியும் நூலும் கிடைத்தன. துவாய்களிலும் சேலைகளிலும் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்றனர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளைத் தாங்க மரங்களின் கீழ் வலை கட்டினர். காயப்பட்டவை குவாஹாத்தி மிருகக்காட்சிச் சாலையில் சிகிச்சை பெற்றுத் திரும்பின.

பெண்கள் தங்களை ‘ஹர்கிலா சேனை’ என்று அழைத்துக்கொண்டனர். 2022இல் அச்சேனையில் 10,000 பேருக்கு மேல் இருந்தனர். தாதரா, பசாரியா, சிங்கிமாரி ஆகிய மூன்று கிராமங்களிலும் 28 ஆக இருந்த கூடுகள் அவ்வாண்டளவில் 250ஐக் கடந்துவிட்டன. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2023இல் இப்பறவையை ‘அழியும் ஆபத்திலுள்ளவை’ என்ற பிரிவிலிருந்து ஆபத்துக் குறைந்த பிரிவுக்கு மாற்றியது. இவ்வளவுக்கும் மரங்கள் இன்னும் தனியார் வளவுகளில்தான் நிற்கின்றன. முற்றத்து நாற்றமும் குறைந்துவிடவில்லை.

எமது உலர்வலயக் குளங்களின் ஓரத்திலும் ஹர்கிலாவின் சிறிய உறவினமான நாரை ஒன்று அரிதாகக் காணப்படுகிறது. அது எந்த மரத்தில் கூடு கட்டுகிறது, அம்மரம் யாருடையது என்பதை உங்கள் ஊரில் முதலில் விசாரித்துப் பாருங்கள்.

அசாமில் தீராத பிரச்சினை ஒன்றும் உண்டு. சதுப்பு நிலங்கள் சுருங்கிவிட்டதால் பறவைகள் குவாஹாத்தி நகரக் குப்பை மேட்டில் இரை தேடுகின்றன. அங்கே அவை விழுங்குவதில் எலும்பு எது, பிளாஸ்டிக் எது என்று பிரித்துக்கொடுக்க எந்தச் சேனையாலும் முடியவில்லை.