வசியமா, அறிதுயிலா?

1845-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி. கல்கத்தாவுக்கு வடக்கே கங்கைக் கரையில் உள்ள ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பணிபுரிந்து வந்தார். அன்று அவரிடம் சிறைக்கைதி ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். அறுவை சிகிச்சையின் வேதனையில் அவர் துடிப்பதைக் கண்ட எஸ்டெயில், தாம் படித்து மட்டுமே அறிந்திருந்த ‘மெஸ்மெரிசம்’ என்ற முறையைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். நோயாளியின் உடலுக்கு மேலே கைகளை மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கழித்து நோயாளி ஆழ்ந்த துயில் போன்ற நிலையை அடைந்தார். வலி அவரை எட்டவில்லை.

அதன்பின் எஸ்டெயில் இம்முறையில் பல அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1846-இல் அரசு ஒரு குழுவை அமைத்து அவற்றை ஆராய்ந்தது. கல்கத்தாவிலேயே இதற்கென ஒரு சிறு மருத்துவமனையும் ஏற்பட்டது. ஆனால் அதே காலத்தில் ஈதரும் குளோரோஃபார்மும் மயக்க மருந்துகளாக வந்துவிட்டன. பல மணி நேர உழைப்பைச் சில நிமிடங்களில் முடித்துத் தரும் மருந்தின் முன் மெஸ்மெரிசம் பின்தங்கியது. 1851-இல் எஸ்டெயில் இந்தியாவை விட்டுச் சென்றார்.

ஆற்றல் யாருடையது?

தம் உடலிலிருந்து ஏதோ ஒரு சக்தி நோயாளிக்குள் பாய்வதாக எஸ்டெயில் நம்பினார். ஆனால் 1784-இலேயே பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியே முதலிய அறிஞர்கள் அடங்கிய குழு, அப்படி ஒரு சக்தி இருப்பதற்குச் சான்று இல்லை; விளைவுக்குக் காரணம் நோயாளியின் கற்பனையே என்று கூறியிருந்தது. 1843-இல் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற மருத்துவர், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘ஹிப்னாடிசம்’ என்ற பெயரை வழங்கினார். இந்நிலை உறக்கமன்று, மனம் ஒரே எண்ணத்தில் ஒன்றுவதே என்று பின்னர் உணர்ந்து, பெயரை மாற்றவும் முயன்றார். பழைய பெயரே நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. ஒன்று ‘மனோவசியம்’, ஒருவர் மனத்தை மற்றொருவர் தம் பிடிக்குள் கொள்வது என்பது அதன் பொருள். மற்றொன்று ‘அறிதுயில்’, பாம்பணைமேல் பள்ளிகொண்ட அரங்கனின் நிலையைக் குறிக்கும் சொல். அங்கே துயில் உண்டு, அறிவும் விழித்திருக்கிறது. உறக்கமின்றித் தவிப்பவர் நாட வேண்டியது இவற்றுள் எது?

கல்கத்தாவில் பிறந்த சுவாமி விவேகானந்தர் இதைப் பற்றித் தெளிவாக எச்சரித்திருக்கிறார். 1896-இல் வெளிவந்த ‘ராஜயோகம்’ நூலில், பிரத்யாகாரத்தை விளக்கும் இடத்தில், பிறருடைய சங்கற்பத்திற்கு அடிபணிந்து பெறும் அடக்கம் உண்மையான புலனடக்கம் ஆகாது என்கிறார். தன் மனத்தைத் தானே அடக்குபவன் வலிமை பெறுகிறான். பிறரால் அடக்கப்படுபவன் இருக்கும் வலிமையையும் இழக்கிறான். மேடை வித்தைக்காரர்களுக்கும், ‘உன்னை என்னிடம் ஒப்படைத்துவிடு’ என்று கேட்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். ஆனால் இக்கால மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர் வழிகாட்ட மட்டுமே செய்கிறார். ஒன்றுவது நோயாளியின் மனமே. அந்த வழியைக் கற்றுக்கொண்டு வீட்டில் தாமே பழகுவதும் உண்டு. அது வசியமன்று, அறிதுயிலுக்கு நெருங்கியது.

விரட்டினால் விலகும் உறக்கம்

உறக்கம் ஒரு விசித்திரமான விருந்தாளி. கையைப் பிடித்து இழுத்தால் வராது. கதவைத் திறந்து வைத்துவிட்டு நம் வேலையைப் பார்த்தால் தானே வந்து அமரும். ‘இன்றாவது உறங்கிவிட வேண்டும்’ என்ற முயற்சியே மனத்தை விழிப்பில் நிறுத்துகிறது. கடிகாரத்தைப் பார்க்கும்தோறும் கவலை வளர்கிறது. நாளடைவில் படுக்கையே கவலைக்கு உரிய இடமாகிவிடுகிறது. இந்த முயற்சியைக் கைவிட மனத்துக்கு வேறொரு பற்றுக்கோடு வேண்டும். அறிதுயில் பயிற்சி தருவது அதைத்தான்.

2014-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், இளம்பெண்கள் பகலில் சற்றுத் துயில்வதற்கு முன் ஓர் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தனர். நீருக்குள் ஆழமாக நீந்திச் செல்லும் மீனைப் பற்றிய குரல் அது. இத்தகைய கருத்தேற்றத்தை எளிதில் ஏற்கும் இயல்புடையவர்களிடம் ஆழ்ந்த உறக்கத்தின் அளவு 81 சதவீதம் கூடியது. அந்த இயல்பு குறைந்தவர்களுக்குப் பலன் இல்லை. அவர்கள் அனைவரும் உடல்நலம் உள்ளவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனவே இது எல்லோருக்கும் பயன்படும் மந்திரமன்று. சிலருக்குத் துணைசெய்யும் ஒரு பயிற்சி.

பயிலும் முறை

விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். பாதம் முதல் தலை வரை ஒவ்வோர் உறுப்பாக மனத்தால் தொட்டு, அதைத் தளர விடலாம். பின்னர் மாலை நேரத்துக் கங்கைப் படித்துறை ஒன்றை மனத்தில் காணலாம். மூச்சு வெளியேறும்போதெல்லாம் ஒரு படி கீழே இறங்க வேண்டும். மொத்தம் பத்துப் படிகள். எண்ணங்கள் குறுக்கிட்டால் சினம் கொள்ளாமல், விட்ட படியிலிருந்து தொடரலாம். ‘உறங்க வேண்டும்’ என்று ஆணையிட வேண்டாம். ‘உடல் இளைப்பாறுகிறது’ என்று உணர்வதே போதும். ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்குப் பின்னும் உறக்கம் வராவிட்டால், எழுந்து மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்பலாம். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது நல்லது.

வாரத்தில் மூன்று இரவுகளேனும் இத்துன்பம் நேர்ந்து, மூன்று மாதங்களுக்கு நீடித்தால் மருத்துவரைக் காண்பது கடமை. குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு போன்றவை பின்னணியில் இருக்கக்கூடும். நாள்பட்ட உறக்கமின்மைக்கு, உறக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. அறிதுயில் பயிற்சி அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது. உறக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதைத் தாமாகத் திடீரென்று நிறுத்தலாகாது.

ஹூக்ளியின் அந்தக் கைதியைத் துயிலச் செய்தவை எஸ்டெயிலின் கைகள் என்றே அன்று எல்லோரும் எண்ணினர். அசைந்தவை அவருடைய கைகள். அடங்கியதோ கைதியின் மனம். அந்த ஆற்றல் தனக்குள்ளேயே இருப்பதை அறிந்தவன், அதை எவரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. பகலில் அதைப் பழகுபவனுக்கு இரவும் நட்பாகும்.