சாலைக்கும் விலை உண்டா?

காலை ஒன்பது மணி. நகரத்தின் பெரிய சாலை. ஒரு பேருந்து நகராமல் நிற்கிறது. உள்ளே நாற்பது பேர் இருக்கிறார்கள்.

ஒரு பெண் மடியில் பூக்கூடை வைத்திருக்கிறார். நேரம் போகப் போகப் பூ வாடும். வாடினால் விலை போகாது. பக்கத்தில் ஒரு கட்டட வேலைக்காரர் நிற்கிறார். தாமதமாகப் போனால் மேஸ்திரி வேலை தர மாட்டார். அன்றைய கூலி போய்விடும்.

பேருந்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? வரிசையாகக் கார்கள். பல கார்களில் ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார்.

நேரமும் பணம்தான்

இந்தச் சாலையில் போக யாரும் காசு கேட்பதில்லை. ஆனாலும் எல்லோரும் ஒரு விலை கொடுக்கிறார்கள். அந்த விலை நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேருந்து பத்து நிமிடம் நின்றது. நாற்பது பேருக்கும் சேர்த்து 400 நிமிடம் வீண். அதாவது 6 மணி 40 நிமிடம். கிட்டத்தட்ட ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பு! டீசல் செலவும் புகையும் தனி.

தெருக் குழாயடியில் ஒருவரே பத்துக் குடம் வைத்தால் என்ன ஆகும்? பின்னால் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டும். சாலையும் அப்படித்தான். கூட்டமான சாலையில் ஒரு கார் கூடுதலாக வந்தால், பின்னால் வரும் எல்லோருக்கும் கொஞ்சம் தாமதம். ஆனால் அந்தத் தாமதத்துக்குக் கார்க்காரர் எதுவும் தருவதில்லை.

சாலையை அகலமாக்கினால் போதாதா? கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். "வழிதான் இருக்கிறதே" என்று இன்னும் பலர் வண்டி எடுத்து வருவார்கள். மறுபடியும் நெரிசல்தான்.

சிங்கப்பூர் செய்தது என்ன?

சிங்கப்பூர் ஒரு சிறிய தீவு நாடு. அங்கே தமிழும் ஓர் ஆட்சி மொழி. இடம் குறைவு, வண்டிகள் அதிகம்.

1975 ஜூன் மாதம் அந்த அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. நகரின் மையப் பகுதிக்கு ஓர் எல்லை வகுத்தது. காலை நெரிசல் நேரத்தில் அந்த எல்லைக்குள் கார் வரவேண்டுமானால் ஒரு நாளைக்கு 3 வெள்ளி கட்டணம். டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்பார்கள். பணம் கட்டியவர் அதற்கான சீட்டைக் காரின் முன் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். எல்லையில் காவலர்கள் நிற்பார்கள். சீட்டு இல்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அபராதம் வரும்.

பேருந்துக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேர் ஏறி வரும் காருக்கும் அப்போது கட்டணம் இல்லை.

பலன் உடனே தெரிந்தது. அந்த நேரத்தில் மையப் பகுதிக்குள் வரும் வண்டிகள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் குறைந்தன. பலர் பேருந்துக்கு மாறினார்கள்.

சிக்கலும் வந்தது. சிலர் கட்டண நேரம் முடியும் வரை காத்திருந்து உள்ளே வந்தார்கள். எல்லைக்கு வெளியே இருந்த சாலைகளில் நெரிசல் கூடியது. அதனால் அரசு கட்டண நேரத்தை நீட்டியது. விதிகளைப் பலமுறை திருத்தியது. 1998 முதல் கட்டணத்தை மின்னணுக் கருவியே எடுத்துக்கொள்கிறது. நெரிசல் நேரத்தில் கட்டணம் கூடும். நெரிசல் குறைந்தால் கட்டணமும் குறையும்.

இது நியாயமா?

"பணக்காரர் காசு கட்டிவிட்டுப் போவார். ஏழை என்ன செய்வார்?" என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

ஏழைகளில் பெரும்பாலோர் காரில் போவதில்லை. பேருந்திலும் சைக்கிளிலும் போகிறார்கள், நடக்கிறார்கள். கார்கள் குறைந்தால் பேருந்து வேகமாகப் போகும். ஆனால் பேருந்து போதுமான அளவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டணம் சுமையாக மட்டுமே இருக்கும்.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதும் முக்கியம். லண்டன் நகரில் 2003-இல் நெரிசல் கட்டணம் வந்தது. அந்தப் பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்தது.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் முதலில் பலர் எதிர்த்தார்கள். 2006-இல் ஏழு மாதம் சோதனை நடந்தது. மக்கள் பலனை நேரில் பார்த்தார்கள். பிறகு அந்த நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. "வேண்டும்" என்றவர்களே அதிகம். 2007-இல் திட்டம் நிலையானது.

சாலை எல்லோருக்கும் பொது. அதை யார் எவ்வளவு அடைத்துக்கொள்வது என்பதும் எல்லோரும் பேச வேண்டிய விஷயம்தான்.

கணக்குப் போடுங்கள்

ஒரு பேருந்தில் 50 பேர். அது 12 நிமிடம் நின்றது. மொத்தம் எத்தனை மணி நேரம் வீணானது?

பேசிப் பாருங்கள்

1. உங்கள் பக்கத்து நகரத்தில் எந்தச் சாலையில் நெரிசல் அதிகம்? எந்த நேரத்தில்?
2. அங்கே கட்டணம் வைத்தால் யாருக்கு நன்மை? யாருக்குக் கஷ்டம்?
3. அந்தப் பணத்தை எதற்குச் செலவிட வேண்டும்?