பயன்தரும் பொழுதுபோக்கு

உணவும் உடையும் உறையுளும் தேடும்பொருட்டு மக்கள் பல தொழில்களை மேற்கொள்கின்றனர். தொழிலுக்குரிய நேரமும் உறக்கத்துக்குரிய நேரமும் போக, நாள்தோறும் சிறிது நேரம் நமக்கு எஞ்சுகிறது. அந்நேரத்தில் நம்மை ஏவுவார் எவருமிலர். ஆதலின், ஒருவருடைய இயல்பை அவர்தம் தொழிலைக் காட்டிலும் அவர் ஓய்வைக் கழிக்கும் முறையே நன்கு புலப்படுத்தும்.

ஓய்வைக் கழிக்கும் வழிகள் இருவகைப்படும். பிறர் ஆடுவதையும் பாடுவதையும் கண்டும் கேட்டும் மகிழ்தல் ஒருவகை. விரும்பிய ஒன்றைத் தாமே செய்து மகிழ்தல் மற்றொரு வகை. முன்னது களைப்பைப் போக்கும். அளவோடு இருப்பின் அதனால் தீங்கில்லை. பின்னதோ களைப்பைப் போக்குவதுடன் அறிவையும் வளர்க்கும். தோட்டமிடுதல், ஓவியம் தீட்டுதல், அஞ்சல் தலை திரட்டுதல், பறவைகளை உற்றுநோக்குதல் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றுக்கு ஊதியம் இல்லை, விருப்பமே ஊதியம். விருப்பத்தோடு செய்யும் செயலில் சலிப்புத் தோன்றுவதில்லை. அதனால் ஒருவர் தம் மகிழ்ச்சிக்காகச் செய்தது உலகுக்கே நன்மையாய் முடிவதும் உண்டு.

ஹாலந்து நாட்டிலுள்ள டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்தவர் லீவன்ஹூக். அவர் ஒரு துணி வணிகர், பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர், அக்காலத்து அறிஞர்களின் மொழியாகிய இலத்தீனையும் அறியாதவர். துணி வணிகர்கள் நூலிழையின் தரத்தைக் காண உருப்பெருக்கும் கண்ணாடியைப் பயன்படுத்துவது வழக்கம். லீவன்ஹூக்கோ ஓய்வு நேரங்களில் அத்தகைய வில்லைகளைத் தாமே செய்யலானார். கடுகளவே ஆன அவற்றுள் சில, பொருள்களை இருநூறு மடங்குக்கு மேலும் பெருக்கிக் காட்டின. மழைநீர், ஏரிநீர், தம் பற்களில் படிந்த அழுக்கு ஆகிய யாவற்றையும் அவர் அவ்வில்லைகளின் வழியே நோக்கினார். ஒரு துளி நீரில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நீந்தித் திரிவதைக் கண்டு வியந்தார்.

தாம் கண்டவற்றைத் தம் தாய்மொழியிலேயே எழுதி, இலண்டன் மாநகரில் இருந்த இராயல் கழகத்துக்கு அனுப்பினார். கண்ணுக்குப் புலனாகாத உயிர்களா என்று அங்கிருந்தோர் முதலில் ஐயுற்றனர். அவர் மனந்தளரவில்லை, மேலும் மேலும் ஆராய்ந்து எழுதினார். 1677ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் தாமே சோதித்துப் பார்த்து, அச்செய்தி மெய்யென உறுதி கூறினார். 1680ஆம் ஆண்டில் அக்கழகம் அத்துணி வணிகரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இன்று நோய்களின் காரணத்தை ஆராய்ந்து உயிர்களைக் காக்கும் நுண்ணுயிரியல் என்னும் துறைக்கு, அவருடைய பொழுதுபோக்கே தொடக்கமாயிற்று.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித்தேடித் திரட்டினார். பிறர் வேண்டாவென்று எறிந்துவிடும் நாடக அறிவிப்புகளையும் பாட்டுப் புத்தகங்களையும்கூட அவர் போற்றி வைத்தார். அவர் 1992ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் திரட்டியவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. அவற்றைக் கொண்டு 1994ஆம் ஆண்டில் சென்னையில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. அவர் திரட்டாதிருந்தால், அவற்றுள் பல செல்லுக்கும் அடுப்புக்கும் இரையாகியிருக்கும். தமிழர் வாழ்வை ஆராய்வோர் இன்று அந்நூலகத்தை நாடி வருகின்றனர்.

பொழுதுபோக்கு மக்களை ஒன்றுபடுத்தவும் வல்லது. பொங்கல் விடுமுறையில் தமிழகத்துப் பறவை ஆர்வலர் பலர் தத்தம் ஊரில் காணும் பறவைகளை எண்ணிப் பதிவு செய்கின்றனர். ஏரிக்கரையில் மருத்துவரும் உழவரும் மாணவரும் அருகருகே நின்று ஒரே பறவையை நோக்கும்போது, அங்கே உயர்வு தாழ்வு என்னும் எண்ணம் எழுவதில்லை. பலர் சிறுகச் சிறுகச் சேர்த்த அக்குறிப்புகள், எப்பறவை குறைந்து வருகிறது என்பதை அறிய அறிஞர்களுக்கு உதவுகின்றன.

எனினும், பொழுதுபோக்குக்கும் எல்லை உண்டு. அது கடமையை விழுங்கிவிடலாகாது. பிற உயிர்க்கு ஊறு செய்யவும் கூடாது. பறவையை நேசிப்பவன் அதன் கூட்டைக் கலைக்கமாட்டான். பொருட்செலவு மிகுதியாகும் என்று அஞ்சவும் வேண்டா. வீட்டின் பின்புறத்தில் ஒரு முழ அகலப் பாத்தியில் கீரை வளர்ப்பதற்குச் செல்வம் தேவையில்லை. நாள்தோறும் நீர் வார்க்கும் உறுதி ஒன்றே போதும்.

மாணவர்களே! இன்று மாலை உங்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் மீண்டும் வாராது. உங்கள் உள்ளத்துக்கு உவந்த நற்செயல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதனால் புகழ் வருமா, பொருள் வருமா என எண்ணாது தொடர்ந்து செய்யுங்கள். துணி வணிகரும் பலகை எழுதிய ஓவியரும் அவ்வாறே தொடங்கினர். போக்கிய பொழுது வீணாகும். ஆக்கிய பொழுது உங்களுக்கும் நாட்டுக்கும் உரிய செல்வமாகும்.