மாதம் எத்தனை பக்கம்?

பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் மெஷின் விலையைத்தான் கேட்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு விலைக்கு வரலாம் என்பேன். மெஷினை மலிவாகக் கொடுத்து மையில் லாபம் பார்ப்பது கார்ட்ரிட்ஜ் வியாபாரத்தின் பழைய வழி. 800 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 100 பக்கம் ஓடினால் பக்கத்துக்கு 8 ரூபாய். 400 ரூபாய் மை பாட்டில் 4,000 பக்கம் ஓடினால் 10 பைசா. எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் கொண்டுவந்த, பாட்டில் மையை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டர் இன்று எங்கும் பரவியிருப்பது இந்தக் கணக்கால்தான்.

அப்படியென்றால் எல்லோரும் டேங்க் வாங்கிவிடலாமே என்றால், கூடாது. பாட்டிலில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை விடாமல் அச்சடித்துப் பார்த்த கணக்கு. வீட்டிலோ எப்போதாவது இரண்டு பக்கம் எடுக்கிறோம். இடையில் மை தெளிக்கும் ஹெட்டில் மை காய்ந்துபோகிறது. நாசில் செக் என்ற சோதனைப் பக்கம் போட்டால் கோடுகள் விட்டுவிட்டு வருகின்றன. ஹெட் கிளீனிங் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் நல்ல மை உள்ளே இருக்கும் கழிவுப் பஞ்சுக்குப் போகிறது. அந்தப் பஞ்சு நிரம்பினால் பல மாடல்கள் வேலையை நிறுத்திவிடும். நிறைய அச்சடித்து, வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுப்பவருக்குத்தான் டேங்க் லாபம். எப்போதாவது, அதுவும் எழுத்து மட்டும் எடுப்பவருக்குக் கறுப்பு வெள்ளை லேசர் நல்லது. அதில் மைக்குப் பதில் இருக்கும் டோனர் பொடி, காயாது. லேசர் கரண்ட் இழுக்கும் என்பார்கள். சூடேறும்போது இழுப்பது உண்மை, அதனால் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டக் கூடாது. மற்றபடி குறைவாக எடுப்பவரின் மின்கட்டணத்தில் அது பெரிதாகத் தெரியாது. புது மெஷினோடு வரும் டோனர் பல மாடல்களில் முழு அளவு இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

மாதம் ஐந்து பக்கம்தான் என்றால் எதுவுமே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் பக்கம் 5 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 300. 12,000 ரூபாய் மெஷினின் விலையை எட்ட 40 வருடம் ஆகும். கடைக் கம்ப்யூட்டரில் நம் ஆவணம் தங்கிவிடுமே என்ற பயம் நியாயமானது. ஆதாருக்கு முதல் எட்டு எண்கள் மறைத்த மாஸ்க்டு ஆதார் போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள், வேலை முடிந்ததும் ஃபைலை உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள்.

டேங்க் வைத்திருப்பவர்கள் டிராஃப்ட் மோடில் எழுத்தை மங்கலாக எடுத்து மையை மிச்சம் பிடிப்பதில் பெரிய பலன் இல்லை. 500 தாள் கட்டு 250 ரூபாய் என்றால் ஒரு தாள் 50 பைசா, மையைப் போல ஐந்து மடங்கு. அதனால் தாளைத் தானே திருப்பி இரண்டு பக்கமும் அச்சடிக்கும் மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கடைக்குப் போகுமுன் போன மாதம் எத்தனை பக்கம் எடுத்தீர்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.