கிணறு வற்றியது எதனால்? – சுரங்கமும் நீரும்: ஒரு வகுப்பறை அனுபவம்

நிலத்தடி நீர் பற்றிய பாடத்தில், "சுரங்கம் தோண்டுவதால் நீர்மட்டம் குறைகிறது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், மழை பெய்யாததால் குறைந்ததா, சுரங்கத்தால் குறைந்ததா என்று எப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. தேடியபோது கிடைத்ததுதான் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில அனுபவம்.

அங்கே நிலத்தடி நிலக்கரியை 'நீள்சுவர்' முறையில் வெட்டுகிறார்கள். இயந்திரம் நிலக்கரியைச் சீவிக்கொண்டே முன்னேற, பின்னால் தாங்குவார் இல்லாத கூரை இடிந்து விழும். மேலே நிலம் ஒரு மீட்டருக்கு மேலும் தாழக்கூடும். ஓடையின் படுகை விரிசல் விட்டால் நீர் உள்ளே இறங்கிவிடும். படுகை தாழ்ந்த இடத்தில் ஓடாமல் குட்டையாகத் தேங்கும்.

இதை வகுப்பில் காட்ட ஒரு தெர்மோகோல் பெட்டி போதும். அடிப்பக்கம் துளையிட்டு, ஒரு பலகைத் துண்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வையுங்கள். மேலே ஈர மணல், அதன் மேல் மெல்லிய களிமண். விரலால் ஓடை வரைந்து, நீர் ஊற்றிக்கொண்டே பலகையை உருவுங்கள். முதல் முறை எனக்கு மணல் அப்படியே பாலம்போல் நின்றுவிட்டது! அதுவும் நல்லதாயிற்று. தூண்களை விட்டு வெட்டும் பழைய சுரங்கங்கள் பல ஆண்டுகள் கழித்து இடிவதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது.

இனி அந்த மாணவியின் கேள்வி. பென்சில்வேனியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டிய பகுதியின் விளிம்பிலிருந்து செங்குத்துக் கோட்டுக்கு 35 பாகை சாய்வாக மேல்நோக்கிக் கோடு வரைகிறார்கள். அந்த எல்லைக்குள் கிணறு கெட்டால் சுரங்கமே காரணம் என்று கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே கிணறுகளை அளந்து வைப்பது அங்கே முக்கியமாகிறது. வீட்டுக்காரர் அளக்க அனுமதி மறுத்தால் இந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும். ஓடைகளில் நீரின் அளவோடு, அடியில் வாழும் பூச்சிகளின் இளவுயிரிகளையும் எண்ணுகிறார்கள். நீர் திரும்பி வந்தாலும் உயிர்கள் திரும்பினவா என்று பார்க்க வேண்டுமே.

பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சுரங்கம் 200 மீட்டர் ஆழம்; டேன் 35° = 0.70. எனவே எல்லை விளிம்பிலிருந்து 140 மீட்டர் வெளியே போகும். "அப்போ 150 மீட்டரில் கிணறு வைத்திருப்பவர்?" என்று ஒரு பையன் கேட்டான். அவரே நிரூபிக்க வேண்டும் என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

எங்கள் ஊரில் சுரங்கம் இல்லை. ஆனாலும் மாணவர்கள் மூன்று கிணறுகளில் மாதம் ஒருமுறை கல் கட்டிய கயிற்றை இறக்கி அளக்கிறார்கள். பக்கத்திலேயே மழை அளவையும் குறிக்கிறார்கள். முதலில் மே மாதத்தில் மட்டும் அளக்கச் சொன்னேன். அது என் தவறு. கோடையில் எந்தக் கிணறும் இறங்கத்தான் செய்யும். இப்போது பதினான்கு மாதக் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஏப்ரல் மட்டும் காலி, தேர்வு நேரம்.